மத்தியானக் கறுப்பு

அத்தியாயம் ஏழு

“பதினேழு” என்றார் தனபால், பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பதினேழேதான் சார். நானும் எண்ணிட்டேன். சந்தேகமா இருந்தா சொல்லுங்க, செருப்பைக் கழட்டிட்டுக் கால் விரலையும் சேர்த்து எண்ணறேன்” என்றாள் சுஹைனா.

தனபால் சிரிக்கவில்லை. சிரிக்க நேரமும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றேகால். மாலை ஐந்து மணிக்கு சப் இன்ஸ்பெக்டர் ஜோபி ஜீப்போடு வருவார். வந்தால், மூலையில் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கும் செல்வப்பிரியாவை ஏற்றிக்கொண்டு போவார்.

புகார் இரண்டே வரிதான். தான் கண்டுபிடித்த தூளின் உண்மையான செய்முறையை அவள் வெளியே யாருக்கோ விற்றுவிட்டாள். சொந்தக் கம்பெனியின் நோட்டில் பொய்யான செய்முறையை எழுதி வைத்திருக்கிறாள். புகார் கொடுத்தவர் கம்பெனியின் பங்குதாரர் ஹக்கீம். கொப்பரை வியாபாரி. எருத்தேன்பதியில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்த தன் பழைய கொப்பரைக் கிடங்கைச் சுண்ணாம்படித்து, இந்தப் பெண்ணை நம்பி ஒப்படைத்தவர்.

மேசை நடுவில் இருந்தது அவள் கட்டிய யந்திரம். டிபன் பாக்ஸ் மூடி அளவுக்கு ஒரு கண்ணாடித் தட்டு. அதற்குள் தலைமுடி கனத்தில் வாய்க்கால்கள். இரண்டு பம்புகள் இரண்டு பக்கமிருந்து கரைசல்களைத் தள்ளும். அதில் ஒன்று மாங்கனீசு உப்பு. இரண்டும் தட்டுக்குள் முட்டிக்கொண்டு, சுருண்டு கிடக்கும் மெல்லிய குழாய்க்குள் ஓடுகிற ஓட்டத்திலேயே துகளாக மாறி மறுமுனையில் சொட்டும். அண்டாவில் போட்டுக் கலக்கினால் ஒரு துகள் பெரிசு, ஒரு துகள் சிறிசு. இங்கே எல்லாம் ஒரே அச்சு. அந்தத் தூளைப் பூசிய தகடு, பகலில் வெயிலிடமிருந்து வாங்கிய மின்சாரத்தை ராத்திரி முழுக்க வைத்திருந்து கொடுக்கும். மைக்ரோ ரியாக்டர் என்பாள் செல்வப்பிரியா. அங்கே வேலை பார்க்கும் பதினோரு பெண்களுக்கு அது ஊசிக்குழாய்.

சொட்டு கறுப்பாக விழுந்தால் நல்ல தூள். பழுப்பாக விழுந்தால் குப்பை. பதினேழு தடவை கறுப்பு விழுந்தது. கோயம்புத்தூர் பாட்டரி கம்பெனிக்காரர்கள் சோதித்துப் பார்த்துவிட்டுக் கையைக் குலுக்கினார்கள். கார்த்திகை மாதத்தோடு கறுப்பு நின்றது. இப்போது மாசி. அதே நோட்டு, அதே அளவு, அதே கை. விழுவதெல்லாம் பழுப்பு.

“அந்தக் கார்த்திகையில நீங்க ரெண்டு நாள் கோயம்புத்தூர் போனதுதான் உங்களுக்கு எமனா வந்து நிக்குது” என்றார் தனபால்.

“கல்யாணத்துக்குப் போனேனுங்க சார்” என்றாள் செல்வப்பிரியா. “அதைச் சொன்னா, கல்யாணத்துல யாரைப் பார்த்தேன்னு கேக்கறாங்க. முன்னூறு பேரைப் பார்த்தேன்.”

“முன்னூறு பேர்ல ஒருத்தன் வாங்கியிருந்தாலும் இந்நேரம் சந்தைக்கு வந்திருக்கணும்” என்றாள் சுஹைனா. “வேலந்தாவளம் சந்தையில நேத்து மாடுதான் வித்துது. தூளைக் காணோம்.”

சுஹைனா அதே வேலந்தாவளம் சந்தையில் மாட்டுக் கயிறு விற்கும் பாசிலின் மகள். அவளுக்குக் கயிறு விற்க வரவில்லை, திரிக்க நன்றாக வந்தது. அந்த ஒரே தகுதியில் தனபாலிடம் உதவியாளராகச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. தனபால் எல்லைச் சோதனைச் சாவடியில் இருபத்திரண்டு வருஷம் லாரிகளை முகர்ந்து பார்த்தவர். எந்தத் தார்ப்பாய்க்கு அடியில் எந்தக் கேனில் ஸ்பிரிட் ஒளிந்திருக்கிறது என்று மூக்காலேயே சொல்வார். சாவடி போய்விட்டது. மூக்கு மட்டும் மிச்சம். அதை வைத்து கொழிஞ்சாம்பாறையில் ஒரு துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறார்.

சுஹைனா பதிவேட்டை அவர் கையிலிருந்து இழுத்தாள். வரிசையாக விரலை ஓட்டிக்கொண்டு போனவள், சிரித்தாள்.

“சார், ரகசியம் தெரிஞ்சு போச்சு. இந்தப் பதினேழும் ரெண்டு மணிக்கு மேல ஆரம்பிச்சது. காலையில ஆரம்பிச்சது ஒண்ணுகூட கறுப்பா வரல. வயிறு நிறைஞ்சா மெசினும் நல்லா வேலை செய்யும் போல.”

தனபால் பதிவேட்டைத் திரும்பப் பிடுங்கினார்.

“மத்தியானச் சூடுன்னு நானும் நினைச்சேன்” என்றாள் செல்வப்பிரியா சலிப்போடு. “ஏசி போட்டுப் பார்த்தேன், ஹீட்டர் போட்டுப் பார்த்தேன். ஒண்ணுமில்லீங்க.”

“அடைப்புன்னு ஒரு கட்டம் போட்டிருக்கே, அது என்ன அம்மிணி?”

“குழாய் அடைச்சுக்கும். துகள் சுவர்ல ஒட்டிடும். முக்கா மணிக்கு ஒருக்கா நிறுத்திக் கழட்டணும்.”

“காலையில ஓட்டினதுக்கெல்லாம் அடைப்பு, அடைப்புன்னு எழுதியிருக்கு. இந்தப் பதினேழுக்கும் இல்லை, இல்லை, இல்லை.” தனபால் எழுந்தார். குடிநீர்ப் பானையருகே போய்த் தம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. “இந்த மண்ணுல அடைக்காத குழாயை எனக்கு ஒருத்தர் காட்டட்டும், மொட்டை போட்டுக்கறேன்.”

“அதுக்கு முடி வேணுமே சார்.”

தனபால் காதில் வாங்காமல் மேசைக்குப் பின்புறம் குனிந்தார். தொண்ணூறு கிலோ உடம்பு குனிந்தால் நிமிர நேரமாகும் என்பதால், சும்மா குனிய மாட்டார். சுஹைனாவும் எட்டிப் பார்த்தாள். சிமெண்டுத் தரையில் ஒரு வட்டம். தோசைக்கல் அளவு. அந்த வட்டத்தின் ஓரம் மட்டும் சொரசொரவென்று அரிக்கப்பட்டு, வெளுத்துப் போயிருந்தது.

“பத்து லிட்டர் கேன்” என்றார் தனபால். “அடி கசியற கேன். ஒரே இடத்துல மாசக்கணக்கா இருந்திருக்கு. உள்ள இருந்தது ஆசிட்டு. தண்ணி சிமெண்டைத் தின்னாது.”

செல்வப்பிரியா எழுந்து வந்து பார்த்தாள். “இங்க ஆசிட்டே கிடையாதுங்க சார்.”

“உங்களுக்குத் தெரிஞ்சு கிடையாது. மத்தியானம் நீங்கெல்லாம் சாப்பிடப் போனப்போ இங்க யாரு இருந்தாங்க?”

பதில் வாசலிலிருந்து வந்தது. தூளை உலர்த்தும் தட்டோடு நின்றிருந்த தமிழ்ப்ரியா என்ற பெண் சொன்னாள்: “நாங்க எல்லாரும் வேப்பமரத்தடிக்குப் போயிருவமுங்க. பொங்கியண்ணன் மாமா மட்டும் வரமாட்டாரு. மெசினுக்குக் காவல் இருக்கறேன்னு உள்ளயே சோத்துப் போசியைத் தொறந்துக்குவாரு.”

“அவரு எங்க?”

“கார்த்திகையில செத்துப்போயிட்டாருங்க” என்றாள் தமிழ்ப்ரியா.

பம்பு ஓடிக்கொண்டிருந்தது. டிக், டிக் என்று ஒரு சொட்டு. பழுப்பு.

*

வெளியே வாசலில் ஹக்கீம் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, சந்தன நிறச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து.

“ஏனுங் தனபாலு, திருடுனவளே திருடனைப் புடிக்க ஆளு வெச்சிருக்கறா. அவளுக்கு உங்க மூக்கையும் வாடகைக்கு உட்டாச்சா?” என்றவர், சுஹைனாவைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். “பாசில் மவதானே நீயி? உங்கத்தா கடையில குந்தியிருந்தா நாலு மாட்டுக்காவது கயிறு கிடைக்கும்.”

“மாட்டுக்குக் கயிறு போட ஆள் நெறைய இருக்காங்க மாமா. நான் மனுசங்களுக்குப் போடலாம்னு வந்தேன்.”

“போடு, போடு. அஞ்சு மணிக்கு ஜோபி போடுவாரு பாரு.” ஹக்கீம் குரல் சட்டென்று இறங்கியது. “எனக்கு மட்டும் ஆசையாம்மா? அந்தப் புள்ள சொன்ன ஒரு வார்த்தைக்காகக் கொப்பரைக் களத்தையே காலி பண்ணுனேன். அந்தத் தூளு எங்க போச்சுன்னு ஒருத்தர் சொன்னாப் போதும். புகாரைக் கிழிச்சுப் போடறேன்.”

ஸ்கூட்டரில் சுஹைனா முன்னால், தனபால் பின்னால். கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து வறண்டு அடித்தது. கள் இறக்கும் தென்னைகளில் பானைகள் கவிழ்ந்து தொங்கின.

“சார், ஒரு சந்தேகம். நீங்க கீழ இறங்கி நடந்தா நாம சீக்கிரம் போயிரலாமோ?”

“பேசாம ஓட்டு அம்மிணி. பொங்கியண்ணன் யாருன்னு நினைக்கறே? இந்த ஊர்ல பாதித் தோப்புக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டவன். ஊசி மாதிரிக் குழாயைக் கையில புடிக்கத் தெரிஞ்ச ஆளுன்னுதான் இந்தப் பொண்ணு அவனை வேலைக்கு எடுத்திருக்கா. சொட்டுநீர்க் குழாய் அடைச்சா என்ன பண்ணுவாங்க?”

“ஆசிட்டு உட்டு அலசுவாங்க” என்றாள் சுஹைனா. சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. ஸ்கூட்டர் ஒரு குழியில் இறங்கி ஏறியது.

*

பொங்கியண்ணனின் மனைவி ராமாத்தாள் தோப்பில் சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கணவன் போன மூன்று மாதத்தில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தென்னைகளின் மட்டைகள் பாதிக்கு மேல் தொங்கிவிட்டன.

“கம்பெனியில இருந்து வாரீங்களா? குந்துங்க” என்றாள். உட்கார ஒரு சாக்கை உதறிப் போட்டாள்.

“தண்ணி இல்லீங்களா?” என்றார் தனபால் குழாய்களைப் பார்த்து.

“பொங்கலோட போரு நின்னு போச்சுங்க. பக்கத்துல ஆயிரம் அடி ஓட்டிப் பார்த்தமுங்க, புகைதான் வந்துச்சு. இந்தக் குழாயெல்லாம் இரும்புக்காரனுக்குப் போடலாம்னு சுத்தறேன்.”

தனபால் ஒரு குழாயை எடுத்து உள்ளே பார்த்தார். சுத்தமாக இருந்தது. பக்கத்துத் தோப்பில் வேலியோரம் கிடந்த குழாயையும் எடுத்துப் பார்த்தார். உள்ளே சுண்ணாம்பு கட்டியிருந்தது.

“எங்கூட்டுக்காரரு அடைக்க உடமாட்டாருங்க” என்றாள் ராமாத்தாள். அவள் முகத்தில் முதன்முறையாக ஒரு வெளிச்சம். “அடைச்ச குழாயத் தோட்டக்காரன் கண்ணுல காட்டறவன் குழாய்க்காரனான்னு கேப்பாரு. ஆருந் தூங்கறப்ப, ஆருஞ் சாப்புடறப்பப் போயிக் கழுவி உட்டுட்டு வந்துருவாரு. சொல்லவே மாட்டாரு.”

“கம்பெனிக் குழாயையும் கழுவினாருங்களா?” என்றாள் சுஹைனா.

ராமாத்தாள் கையிலிருந்த குழாய்ச் சுருளைக் கீழே வைத்தாள். “அந்தப் புள்ளகிட்டச் சொல்லிராதீங்க. அது முக்கா மணிக்கொருக்கா மெசினக் கழட்டிப்போட்டு அழுகுமாமா. அதைப் பார்க்கப் பொறுக்காம, மத்தியானத்துல அவரு கேன்ல இருந்து ரெண்டு மூடி எடுத்து உள்ள உடுவாருங்க. அதுவும் ஊசிக் குழாய்தானே ராமாத்தா, நம்ம டியூப்புக்குத் தம்பி மாதரின்னு சொல்லிச் சிரிப்பாரு.”

“கேன்ல என்ன இருந்துச்சு?”

“கடையில விக்கற குழாய் கழுவற ஆசிட்டுதானுங்க. பாஸ்பாரிக்கோ என்னமோ சொல்லுவாங்க. அதுல எங்க போர்த் தண்ணிய ஊத்திக்குவாரு. தீரத் தீர மேல மேல ஊத்துவாரே தவிர, கேனக் கவுத்துனதே இல்லீங்க. உரத் தண்ணி மிச்சமிருந்தா அதையும் அதுலயேதான் ஊத்துவாரு. ஆறேழு வருசக் கேன்.”

சுஹைனா தனபாலைப் பார்த்தாள். அவர் கண் மூடியிருந்தது. மூடியிருந்தால் அவர் விடையைத் தொட்டுவிட்டார் என்று அர்த்தம்.

கறுப்பு நோட்டில் இல்லை. ஒருபோதும் நோட்டில் இருந்ததில்லை. குழாய்ச் சுவரில் அந்த மனிதன் விட்டுவைத்த ரெண்டு மூடி ஆசிட்டின் மிச்சத்தில் இருந்தது. துகளை ஒட்டவிடாமல், வளரவிடாமல் பிடித்து வைத்தது அதுதான். செல்வப்பிரியா விற்கவில்லை. விற்பதற்கு அவளிடம் எதுவும் இருந்ததே இல்லை.

“அந்தக் கேன் எங்கம்மா?” என்றார் தனபால்.

“இங்கதானுங்க இருக்குது. அவரு போன மூணாம் நாளு, துணி, சோத்துப் போசி எல்லாத்தோடயும் சாக்குல கட்டி, கம்பெனி கேட்டோரமா வெச்சிருந்தாங்க. தமிழ்ப்ரியா எடுத்துட்டு வந்து குடுத்துச்சு. அப்புடியேதான் வெச்சிருக்கறேன். தொடக்கூட மனசு வரலீங்க.”

அவள் உள்ளே போய்ச் சாக்கோடு வந்தாள். அந்த நடை தூரம் சுஹைனாவுக்கு ஒரு வருஷமாக இருந்தது. கேனுக்குள் ஒரு கையளவு மிஞ்சியிருந்தால் போதும். செல்வப்பிரியாவின் யந்திரத்தில் ரெண்டு மூடி விட்டால், ஐந்து மணிக்குள் கறுப்பு விழும். ஹக்கீம் புகாரைக் கிழிப்பார்.

நீலக் கேன். அடியில் மயிரிழை விரிசல். தனபால் மூடியைத் திருகினார். முகர்ந்தார். சுஹைனாவிடம் நீட்டினார்.

உள்ளே ஒன்றுமில்லை. ஒரு சொட்டு இல்லை. ஒரு கறை இல்லை. புதுக் கல்யாணப் பாத்திரம் போலப் பளிச்சென்று இருந்தது.

“அம்மா, நீங்க கழுவினீங்களா?”

“சத்தியமா இல்லீங்க” என்றாள் ராமாத்தாள். “வந்ததே இப்புடித்தான் வந்துச்சு.”

*

“ஒருத்தன் கழுவியிருக்கான்” என்றார் தனபால், ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு. அவர் முகத்தில் சாவடிக் காலத்து ரத்தம் ஏறியிருந்தது. “இருபத்திரண்டு வருஷத்துல ஆயிரம் கேன் பார்த்திருக்கேன். நம்மூர்த் தண்ணியில கழுவினா காயறப்போ வெள்ளை பூக்கும். இதுல பூக்கலை. சோப்புப் போட்டா சோப்பு வாசம் வரும். வரலை. இது கம்பெனியில வடிச்ச சுத்தத் தண்ணி. அந்த ரூமுக்கு எத்தனை சாவி?”

“ரெண்டு. ஒண்ணு ஹக்கீம் மாமா இடுப்புல. இன்னொண்ணு நம்ம செல்வப்பிரியாக்காகிட்ட.”

“நமக்குக் கேஸ் குடுத்தவளை விடு. இந்தக் கேனோட மதிப்புத் தெரிஞ்சவன் உள்ள இருந்ததை எடுத்துட்டு, தடயமில்லாம கழுவி, சாக்குல கட்டி, துக்க வீட்டுக்கே அனுப்பியிருக்கான். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாரு! புகார் குடுத்தவனே திருடன்.”

சுஹைனாவுக்கு அது பிடித்திருந்தது. கயிற்றுக் கடையைச் சொன்ன வாய்க்கு அது நல்ல பதில். ஆனாலும் ஏதோ உறுத்தியது. “சார், தமிழ்ப்ரியாவுக்கு ஒரு போன் போட்டு, சாக்கு கட்டினது யாருன்னு கேட்டுரலாமா?”

“கேட்டா காத்துல செய்தி போயிரும். எல்லாரையும் நிக்க வெச்சு, மூஞ்சியைப் பார்த்துக் கேக்கணும்.” தனபால் போனை எடுத்துவிட்டார். ஆனால் தமிழ்ப்ரியாவுக்கு அல்ல. “ஜோபி சாரே, தனபால். நாலு மணிக்கே வாங்க. கேனைக் கழுவினவன் எவனோ அவன்தான் உங்க திருடன். கையில புடிச்சுத் தரேன்.”

*

நாலு மணிக்குக் கிடங்கில் எல்லாரும் நின்றார்கள். சுவரோரம் பதினோரு பெண்கள். வாசலில் ஹக்கீம், கையைக் கட்டிக்கொண்டு. ஜோபி தொப்பியை மேசையில் வைத்துவிட்டு ஒரு சின்ன நோட்டைத் திறந்தார். இடுக்கிக்காரர். கம்பம்மெட்டுப் பக்கம் வேலை பார்த்துத் தமிழ் பழகியவர். யந்திரத்தின் முன்னால், தூக்கமில்லாத கண்களோடு செல்வப்பிரியா. காலையிலிருந்து ஆறாவது முறையாக ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

தனபால் நன்றாகத்தான் சொன்னார். மத்தியானத்துக்கு மேல் மட்டும் வந்த கறுப்பு. அடைக்காத குழாய். தரையில் அரித்த வட்டம். சொல்லாமல் கழுவிவிட்டுப் போகும் குழாய்க்காரனின் ரோஷம். ரெண்டு மூடி ஆசிட், அதில் கலந்த, இப்போது நின்றுபோன போரின் தண்ணீர், ஆறேழு வருஷமாகக் கவிழ்க்காத கேன். ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வைக்க, செல்வப்பிரியாவின் உதடு திறந்துகொண்டே போனது.

“பாஸ்பேட்டு” என்றாள் தனக்குத்தானே. “பாஸ்பேட்டு ஒட்டினா துகள் வளராது. ஆமா. ஆமாங்க. நாலு வெளிநாட்டுக்காரங்க என் கட்டுரையைப் படிச்சுட்டு எனக்கு எழுதினாங்க, உன் முறையில எங்களுக்கு வரலைன்னு. அவங்களுக்குக் கை சரியில்லைன்னு நினைச்சேன்.” அவள் கண் கலங்கியது. ஆனால் சிரித்தாள். மூன்று மாதத்தில் அவள் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை. “எவ்வளவு ஊத்தினாரு? அந்தத் தண்ணியில என்ன உப்பு? கேன்ல வேற என்ன இருந்துச்சு? கொஞ்சம் கிடைச்சாப் போதும், பிரிச்சுப் பார்த்துச் சொல்லிருவேன்.”

“அங்கதான் திருடன் வரான்” என்றார் தனபால். ஹக்கீமையே பார்த்துக்கொண்டு, சாக்கிலிருந்து நீலக் கேனை எடுத்து மேசைமேல் வைத்தார். “இதைக் கழுவினது யாரு?”

ஹக்கீமின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அவர் கேனை முதல்முறையாகப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். முதல்முறையாகத்தான் பார்த்தார் என்று சுஹைனாவுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. 

பின்னாலிருந்து குரல் வந்தது.

“நான்தான்.”

செல்வப்பிரியா.

“நான்தாங்க கழுவினேன். அவரு போன ரெண்டாம் நாள். மேசைக்குப் பின்னாடி இருந்துச்சு. தோட்டத்துச் சாமான், சாயங்காலம் எடுத்துட்டுப் போவாருன்னு நினைச்சிருந்தேன். ஆசிட்டுக் கேன்னு தோணவே இல்லைங்க, காலையில நீங்க கேட்டப்பகூட. செத்தவரு பாத்திரத்தை அழுக்கோட எப்படிங்க வீட்டுக்கு அனுப்பறது? மூணு தடவை அலசினேன். வடிச்ச தண்ணியில. கவுத்து வெச்சுக் காய வெச்சேன். லேப்ல எதைக் கழுவினாலும் மூணு தடவைதாங்க.” அவள் குரல் தேய்ந்துகொண்டே போனது. “அடியில கறுப்பா ஒட்டியிருந்துச்சு. போகவே மாட்டேன்னுச்சு. பிரஷ் போட்டுத் தேய்ச்சேன்.”

 ஜோபியின் பேனா நோட்டில் ஓடியது.

“எழுதாதீங்க” என்றார் தனபால். “ஜோபி சாரே, அதை எழுதாதீங்க. அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கழுவியிருப்பாங்களா?”

“வேற ஒரு பாட்டில்ல ஊத்தி ஒளிச்சு வெச்சுக்கிட்டுக் கழுவியிருக்கலாமுல்ல?” என்றார் ஹக்கீம். அவர் குரலில் வன்மம் இல்லை. கணக்கு வாத்தியார் கேட்பது போலக் கேட்டார். “கழுவிப்போட்டு, அடுத்த வாரமே கோயமுத்தூர் போனா.”

“கல்யாணத்துக்கு!” என்றாள் சுஹைனா.

“போனாளா இல்லியா?”

  இருபத்திரண்டு வருஷம் பொய் சொல்லும் டிரைவர்களை மடக்கிய தனபாலுக்கு, ஒரு உண்மையைத் தூக்கி நிறுத்த ஒரு குச்சி கிடைக்கவில்லை.

“சாரே” என்றார் ஜோபி மெதுவாக. “காலையில என்கிட்ட ஒரு புகார் மட்டும்தான் உண்டாயிருந்தது. தெளிவு, சாட்சி ஒண்ணும் இல்லா. இப்போ செய்முறை எங்க இருந்ததுன்னு நீங்க சொன்னீங்க. அதை இல்லாமப் பண்ணின ஆளு யாருன்னு மேடமே சொன்னாங்க. கேனைக் கழுவின ஆளுதான் திருடன்னு போன்ல சொன்னதும் நீங்க. நான் இனி என்ன செய்ய?”

“அதே ஆசிட்டைக் கடையில வாங்கி ஊத்திப் பார்க்கலாமே?” என்றாள் சுஹைனா. “இப்பவே போறேன். கொழிஞ்சாம்பாறையில கிடைக்கும். அரை மணி நேரம்.”

“அந்தத் தண்ணிக்கு எங்க போவீங்க?” என்றாள் செல்வப்பிரியா. “அந்தப் போர் நின்னு போச்சுன்னு சார்தானே சொன்னாரு. ஆறேழு வருசமா அதுல என்னென்ன விழுந்துச்சோ. ஒண்ணொண்ணா மாத்தி மாத்திப் போட்டுப் பார்க்கலாம். பார்த்தா வரலாம். ஆயிரம் தடவையில ஒருக்கா வரலாம்.” ஜன்னல் வழியாக ஜீப்பைப் பார்த்தாள். “எங்க உட்கார்ந்து பார்க்கறதுங்க?”

அவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து, நாற்காலியில் வைத்தாள். தமிழ்ப்ரியா அழ ஆரம்பித்தாள். அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனவள் அவள்தான்.

ஜீப்பில் ஏறும்முன் செல்வப்பிரியா திரும்பினாள். “சுஹைனா, அந்தக் கேனைக் கொஞ்சம் குடுங்க.”

சுஹைனா கொண்டுபோய்க் கொடுத்தாள். செல்வப்பிரியா மூடியைத் திருகி, வெயிலுக்குச் சாய்த்து உள்ளே பார்த்தாள்.  விரலை விட்டு உள்பக்கத்தைத் தடவி, விரலைப் பார்த்தாள்.

“நல்லாத்தான் கழுவியிருக்கேன்” என்றாள்.

ஜீப் வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு போனது. ஹக்கீம் மோட்டார் சைக்கிளில் ஏறவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கிடைத்திருப்பது திருடிதான், தூள் இல்லை என்பது இப்போதுதான் அவருக்கு எட்டிக்கொண்டிருந்தது. தனபால் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். சுஹைனா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். 

உள்ளே பம்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சொட்டு விழுந்தது. பழுப்பு.

“அக்கா, இதை நிறுத்தட்டுங்களா?” என்று சுஹைனாவிடம் தமிழ்ப்ரியா கேட்டாள்.

நிறுத்து என்று சொல்ல உரிமையுள்ளவர் யாரென்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு சொட்டு விழுந்தது.